ஆறு தலை கொண்டுபோனவன்

1

இன்று கார்த்திகை மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி. கூச்சிங் நகரத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இங்கே நாள்காட்டியில் சீனர் பண்டிகைக்கு ஒரு நிறம், மலாய்க்காரர் பண்டிகைக்கு ஒரு நிறம் உண்டு. நம்முடைய திதிக்கு இடம் கிடையாது. அதற்காக வருஷா வருஷம் சிங்கப்பூரிலிருந்து பஞ்சாங்கம் வரவழைக்கிறேன். அதில் நான் தேடிப் பார்ப்பது இந்த ஒரு நாளைத்தான்.

காலையில் குளித்துவிட்டு, வாழை இலையில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் ஒரு துண்டு கருவாடும் வைத்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனேன். கருவாடு இல்லாமல் மாமா சாப்பிட உட்கார மாட்டார். மாமா என்றால் என் அக்காள் கன்னியம்மாவின் புருஷன் முனுசாமி. இந்தச் சரவாக் நாட்டில், இந்தத் திதியில்தான் அவர் செத்தார். நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. இலைக்குக் காக்கை வரவில்லை. மைனா வந்தது, அப்புறம் எறும்பு வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கும் அக்காவுக்கு மாமாவின் திதி மாசி மாதத்தில். வளர்பிறைச் சப்தமி. இரண்டில் ஒன்று பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்துக்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து என் மகன் செந்தில். கப்பல் கட்டும் கம்பெனியில் எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான்; வாரத்தின் நடுவில் கூப்பிட மாட்டான்.

"அப்பா, குட் நியூஸ். என்னை ஹெட்ஹன்ட் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"ஒரு ஏஜென்சி. நாம அப்ளை பண்ண வேண்டாம்ப்பா. அவங்களே ஆளைப் பார்த்து வெச்சிருந்து தூக்கிடுவாங்க. அதுக்குப் பேரு ஹெட்ஹன்டிங்."

அந்த வார்த்தைக்கு எனக்கே அர்த்தம் சொல்கிறான். நான் குடியிருக்கும் நாட்டை வெள்ளைக்காரன் புத்தகத்தில் எழுதும்போது முதல் வரியிலேயே போடுகிற வார்த்தை அது, தலை வேட்டை. சிரிப்பு வந்திருக்க வேண்டும். இன்றைய நாளில் வரவில்லை.

"புதுக் கம்பெனிக்கு இன்டியாலேர்ந்து யங் எஞ்சினியர்ஸ் வேணும்னு என்கிட்டயே கேக்கறாங்க. ஃபர்ஸ்ட் நம்ம ஹரியைத்தான் நெனச்சேன். அவனுக்கு ஆசைதான், அவங்க வீட்லதான் யோசிக்கறாங்க. நீங்க அத்தைகிட்ட பேசுங்கப்பா. நீங்க சொன்னா மறுக்க மாட்டாங்க."

ஹரி, அக்காவின் மகள் வயிற்றுப் பேரன். திருப்பதியில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். தமிழை விடத் தெலுங்கு சரளமாக வரும். நல்ல பிள்ளை.

நான் சொன்னால் அக்கா மறுக்க மாட்டாள் என்பது உண்மை. முன்பு ஒரு தடவை மறுக்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஹரியைக் கேட்பதற்கு முன்னால் அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இன்னொரு ஆளைக் கொடு என்று அந்த வீட்டில் கேட்க என் வாய் எழாது. மத்தியானம் வரைக்கும் எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொள்ள இதை எழுத உட்கார்ந்தேன்.

2

ஐம்பத்து மூன்றில் ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்தபோது நான் புத்தூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய்விட்டது. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் தெலுங்குப் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். சந்தையில் தெலுங்கில் பேரம் பேசி, தெலுங்கில் சண்டை போட்டு வளர்ந்தவன்தான். எழுதச் சொன்னால் எழுத்து ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடும். இரண்டு தடவை தோற்றேன். பரீட்சைத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சென்னையில் ஒரு ஏஜெண்டைப் பிடித்துக் கப்பல் ஏறினேன். அப்போது எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

சரவாக்கில் உள்நாட்டு ஆறு ஒன்றின் கரையில், சாலை போடும் கம்பெனியின் கல் குவாரியில் கிராணி வேலை கிடைத்தது. ஆள் வருகை எழுதுவது, அரிசி அளந்து கொடுப்பது, கடிதம் எழுதுவது. குவாரியிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் ஈபான் மக்களின் நீண்ட வீடு. ஊரே ஒரே கூரையின் கீழ் இருக்கும். எங்களைப் படகில் ஏற்றி இறக்கும் சங்காவ் அந்த வீட்டுக்காரன்.

முதல் தடவை அவன் வீட்டுக்குப் போனபோது விருந்தாளியாக நடு வராந்தாவில் உட்காரவைத்தான். அண்ணாந்து பார்த்தால் உத்தரத்தில் பிரம்பு வலையில் கட்டித் தொங்குகிறது, ஏழெட்டு மண்டை ஓடுகள். புகை பட்டுக் கறுத்துப் போனவை. எனக்கு வாயில் போட்ட சோறு இறங்கவில்லை.

அவன் தாத்தா காலத்தில் எடுத்த தலைகள் அவை. அந்த வழக்கம் நின்று வெகுகாலம் ஆகிறது. முன்பெல்லாம் வீட்டில் ஒரு பெரிய சாவு விழுந்தால் துக்கம் காப்பார்களாம். நல்ல துணி கிடையாது, மேளம் கிடையாது. எதிரியின் தலை ஒன்று வந்தால்தான் அந்தத் துக்கம் கழியும். வந்த தலையைச் சும்மா எறிந்துவிட மாட்டார்கள். அதற்கு விசேஷ நாளில் சோறு வைப்பார்கள், புகையிலை வைப்பார்கள், குளிராமல் இருக்கக் கீழே நெருப்புப் போடுவார்கள். எந்த ஆற்றுக்காரன் தலை, யார் எடுத்தது என்பது வீட்டில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

"எடுத்தவன்தான் அதற்குப் பொறுப்பு" என்றான் சங்காவ். "அவன் செத்தால் அவன் பிள்ளை சோறு வைக்க வேண்டும்."

காட்டுமிராண்டி வழக்கம் என்று அன்றைக்கு எனக்குள் சொல்லிக்கொண்டேன். நான் படித்தவன் அல்லவா.

3

இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போக லீவு கேட்டேன். மேனேஜர் வெள்ளைக்காரர். பாறை உடைக்கத் தெரிந்தவர்கள் இங்கே கிடைக்கவில்லை, உன் ஊரில் வெடி வைத்துக் கிணறு வெட்டுகிறவர்கள் இருப்பதாகச் சொன்னாயே, பெர்மிட் வாங்கித் தருகிறேன், திரும்பி வரும்போது ஆறு பேரைக் கொண்டு வா என்றார். ஆறு பேர் என்று சொல்லவில்லை; ஆறு தலை என்றார். இங்கிலீஷில் மாட்டைத்தான் அப்படி எண்ணுவார்கள் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. தலைக்கு இவ்வளவு என்று எனக்கும் ஒரு தொகை உண்டு. அதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் கிராமம் நாகலாபுரத்துக்குத் தெற்கே நாலு மைல். அந்தப் பக்கத்தில் பாறைக் கிணறு என்றால் முனுசாமி மாமாதான். கடப்பாரையால் நாலு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டே எங்கே வெடிமருந்து வைக்கலாம் என்று சொல்லிவிடுவார். அவர் வந்தால் நாங்களும் வருகிறோம் என்றார்கள் மற்ற ஐந்து பேரும். மாமாவுக்கு இஷ்டமில்லை. மகள் லட்சுமி பிறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"நம்ம ஊர்லயே எத்தினி கெணறு வெட்டாம கீது. அத்த உட்டுட்டு இன்னாத்துக்குடா வேலு கடல் தாண்டணும்?" என்றார்.

அவரிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் நான் அக்காவிடம் போனேன். மூன்று வருஷம், ஒரு காணி நிலம், லட்சுமியின் படிப்பு என்று அடுக்கினேன். எனக்குப் பேச வரும். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீ கூட கீறல்ல? அப்புறம் எனக்கு இன்னா பயம்? இட்டுனு போ, இட்டுனு வா" என்றாள்.

அவ்வளவுதான். மாமா எழுந்து துணியை மடித்து வைத்தார்.

இங்கே வந்த பிறகு எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் சங்காவோடு ஒட்டிக்கொண்டது. அவருக்கு மலாய் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது; இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். உத்தரத்துத் தலைகளை மாமாவுக்கு நான்தான் விளக்கினேன்.

"இதுக்கெல்லாம் சோறு போடறானுங்களா?" என்றார்.

"ஆமாம் மாமா."

"அப்போ பரவால்லடா. நம்ம ஊர்ல உசுரோட கீறவனுக்கே போட மாட்டானுங்க" என்று சொல்லி, தன் இலையில் இருந்ததைச் சாப்பிட்டார்.

4

எங்கள் பக்கத்தில் வெடி வைக்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எத்தனை குழியில் மருந்து வைத்தானோ அத்தனை சத்தத்தையும் வைத்தவனே எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் வைத்தவனே போய்ப் பார்க்க வேண்டும். வேறு ஆளை அனுப்பக் கூடாது. போவதற்கு முன் இரண்டு பீடி குடித்து முடிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு ஐந்து குழி. நாலு சத்தம்தான் கேட்டது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மருந்து நனைந்துவிடும் என்று மாமா ஒரு பீடியோடு எழுந்துவிட்டார். நான் கொட்டகையில் வருகைப் பதிவில் தலை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது சத்தம் கேட்டது.

கொட்டுகிற மழையில், ஊரிலிருந்து கூட வந்த கோவிந்தனும் மற்றவர்களும் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் பாக்கியில்லை. அன்றே மலைச்சரிவில் அடக்கம் செய்தோம். சங்காவ் வீட்டார் படகை எல்லாம் கரையில் ஏற்றி வைத்துவிட்டு வந்து நின்றார்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்ட ஆள் என்பதால் மூன்று நாள் மேளம் தொடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போலீஸ்காரர் படிவம் நிரப்பினார். பெயர், வயது, ஜில்லா எல்லாம் சொன்னேன். "எந்த மாநிலம்?" என்றார்.

"இன்னும் முடிவாகவில்லை."

"அப்படி எழுத முடியாது" என்றார். கொஞ்சம் யோசித்து, சென்னை என்று எழுதச் சொன்னேன்.

தந்தி அடிக்க ஒரு நாள் படகில் போக வேண்டும். அக்காவுக்குத் தந்தியில் சொல்வதா, கடிதத்தில் சொல்வதா என்று இரண்டு நாள் தவித்துவிட்டு, மூன்றாம் நாள் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியிருப்பேன். சாமான் படகில் தபால் வந்தது. எங்கள் ஊர் துரைசாமி வாத்தியார் எழுதியிருந்தார்.

எங்கள் பக்கத்தைச் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்க்கக் கேட்கும் எல்லைக் கமிட்டிக்கு ஊரில் வாத்தியார்தான் எல்லாம். கிராமம் கிராமமாகத் தமிழ் எத்தனை, தெலுங்கு எத்தனை என்று பார்த்து எல்லை போடப் போகிறார்கள், தை மாதம் பெரிய ஆபீசர்கள் புத்தூருக்கு வருகிறார்கள், நம் ஊரில் எட்டுப் பத்துத் தலை வித்தியாசத்தில் நிற்கிறது என்று எழுதியிருந்தார். குடும்பத் தலைவர்கள் எல்லோரும் கைநாட்டு வைத்த மகஜர் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு தாள் வந்திருந்தது. அதில் ஆறு பெயர். "அக்கரையில் இருக்கும் நம் ஆட்களின் கைநாட்டை உடனே அனுப்பு. வீட்டுப் பெண்பிள்ளைகளையும் ஆபீசர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்போகிறேன். ஒரு தலை குறையக் கூடாது, வேலு."

முதல் பெயரே முனுசாமி.

பரீட்சையில் தோற்ற கோபம் எனக்குள் அப்படியே இருந்தது. என் ஊர் என் பக்கம் வர வேண்டும், அவ்வளவுதான் அப்போது மண்டையில் இருந்தது. இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் ஒரு கைநாட்டுப் போகும்; அக்கா மூலையில் உட்கார்ந்துவிடுவாள், ஆபீசர் முன்னால் வர முடியாது. இரண்டு மாதம்தானே, செத்தவர் எழுந்தா வரப்போகிறார் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டிருந்ததைக் கிழித்தேன்.

ஐந்து பேரையும் கூப்பிட்டுக் கைநாட்டு வாங்கினேன். அவர்கள் போன பிறகு, முனுசாமி என்ற பெயருக்கு எதிரே என் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தேன். நான் கையெழுத்துப் போடுகிறவன். என் ரேகையை யாரும் பார்த்ததில்லை. கூடவே வாத்தியாருக்கு நாலு வரி எழுதினேன். அதில் ஒரு வரி: மாமா சௌக்கியம்.

கோவிந்தன் சாயங்காலம் வந்து, "அக்காவுக்கு எழுதிட்டியா?" என்று கேட்டான்.

"எழுதிட்டேன்."

ஐந்து பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் வீட்டுக்குப் போகிற கடிதம் எல்லாம் என் கையால் போவது. அதனால் சேதி வேறு வழியில் போக வாய்ப்பே இல்லை.

சங்காவும் கேட்டான், வீட்டுக்காரிக்குச் சொல்லியாகிவிட்டதா என்று. அவனிடம் மட்டும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இல்லை என்றேன், காரணத்தையும் சொன்னேன். எல்லை, மொழி, கமிஷன் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். அவன் துடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்படியென்றால் இப்போது அவருக்காகத் துக்கம் காப்பது யார்?" என்றான்.

  அதற்குப் பிறகு என்னை அவன் வீட்டு வராந்தாவில் நடுவில் உட்காரவைக்கவில்லை.

5

பொங்கல் கழிந்து வாத்தியாரின் பதில் வந்தது. எழுத்தே துள்ளுகிறது. உன் அக்காளைப் போல ஒரு பெண்பிள்ளையைப் பார்த்ததில்லை வேலு என்று ஆரம்பித்திருந்தார். நாகலாபுரத்துப் பெருமாள் கோயிலில் புருஷன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, தலை நிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமுமாக, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாளாம். கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போனாளாம். உன் வீட்டில் யார் தலைவர் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை வாத்தியார் அப்படியே எழுதியிருந்தார்.

"எங்க ஊட்டுக்காரரு முனுசாமி. அக்கரையில கீறாரு. தமிழ்தான் பேசுவாரு."

அந்த வரியைப் படித்துவிட்டு நான் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அவர் பேசாமல் போய் இரண்டு மாதம் தாண்டியிருந்தது.

அதற்கு மேல் தாமதிக்க முடியவில்லை. மாசி மாதம் தந்தி அடித்தேன். பின்னாலேயே கடிதம் எழுதினேன். நாளை மட்டும் மாற்றிவிட்டேன். உண்மையான நாளை எழுதினால் கைநாட்டு எப்படி வந்தது, அர்ச்சனை யாருக்கு நடந்தது என்பதெல்லாம் வெளியே வரும். மாசி வளர்பிறைச் சப்தமி என்று எழுதினேன். அன்றிலிருந்து அக்கா வீட்டில் அது திதி ஆயிற்று.

சில வருஷம் கழித்து எல்லை முடிவானது. திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்ஜியத்துக்குப் போனது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. ஏற்கெனவே எடுத்திருந்த ஜனத்தொகைக் கணக்கை வைத்துத்தான் எல்லாம் பார்த்தார்களாம், நாம் கொடுத்த பட்டியலுக்கு அங்கே இடமே இல்லையாம் என்று வாத்தியார் மனம் வெறுத்து எழுதினார். என் கட்டைவிரலை யாரும் பார்க்கவே இல்லை.

ஊர் அதே ஊர்தான். ஆந்திராவில் இருந்ததால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. லட்சுமி தெலுங்கில் படித்துத் திருப்பதியில் டீச்சர் வேலைக்குப் போனாள். நான் கிழித்துப் போட்ட பரீட்சையை அவள் முதல் தடவையிலேயே பாஸ் செய்தாள்.

6

மாமா போன பிறகு அக்காவை நேரில் பார்க்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அதற்குள் கோவிந்தனும் மற்றவர்களும் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியிருந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்து அழவில்லை. கை கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள், சோறு போட்டாள். கத்திரிக்காய்க் குழம்பு, கருவாடு. நான் பாதி சாப்பிட்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி கேட்டாராடா?"

"இல்லக்கா. ஒண்ணுமே தெரியாது அவருக்கு. அந்த நிமிஷமே போயிட்டாரு."

தலையை ஆட்டினாள். இன்னொன்று கேட்டாள்.

"அது இன்னா நாளுடா வேலு?"

எனக்கு இப்போதும் அந்தக் குரல் நினைவிருக்கிறது. கோபம் இல்லை, அவசரம் இல்லை. அடுப்பில் விறகு சரியாக இருக்கிறதா என்று கேட்கிற குரல். அப்போது சொல்லியிருக்கலாம். அவளும் நானும் தவிர வீட்டில் ஒருவரும் இல்லை.

"மாசி சப்தமிக்கா. எழுதினேனே."

"சப்தமி" என்று திருப்பிச் சொன்னாள். எழுந்து போய் இன்னொரு கரண்டி சோறு கொண்டுவந்து போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் போட்டாள்.

சரவாக் திரும்பிய வருஷத்திலிருந்துதான் பஞ்சமிக்கு இலை போட ஆரம்பித்தேன். பிற்பாடு எனக்குக் கல்யாணமாகி, மனைவி ஈப்போவிலிருந்து வந்தாள். அவளிடம் இது எங்கள் குடும்ப வழக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். செந்திலுக்கு அதுகூடத் தெரியாது. சின்ன வயதில் ஒரு தடவை கூட வந்தான். யாருக்குப்பா சோறு என்று கேட்டான். உறவுக்காரருக்கு என்றேன். அவர் வீட்டுக்கே வரலாமே என்றான். அதன்பின் அவனைக் கூட்டிப் போகவில்லை. இப்போது அவனே ஆள் எடுக்கக் கிளம்பியிருக்கிறான். எடுத்தவன்தான் பொறுப்பு என்று சங்காவ் சொன்னதை நான் அவனுக்குச் சொல்லித் தரவே இல்லை.

7

மத்தியானம் இரண்டு மணிக்குத் திருப்பதிக்குப் போன் போட்டேன். லட்சுமிதான் எடுத்தாள், பள்ளிக்கூடத்துக்கு லீவு போலிருக்கிறது.

"மாமா! பாகுன்னாரா? நல்லா கீறீங்களா? அம்மா இப்பத்தான் துன்னுட்டு கை கழுவினு வருது. இருங்க" என்றாள்.

அக்கா வந்தாள். எண்பதை நெருங்குகிறாள்; குரல் மட்டும் மாறவில்லை.

"இன்னாடா வேலு, இந்த நேரத்துல?"

முதலில் செந்தில் சொன்னதைச் சொன்னேன். கம்பெனி, சம்பளம், ஹரிக்கு நல்ல எதிர்காலம். எல்லாம் சொன்னேன். எனக்குப் பேச வரும் என்றேனே, அது இன்றைக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது.

"அவன் போவணும்னு ஒரு வருசமா சொல்லிக்கினுதான் கீறான்" என்றாள் அக்கா. "லட்சுமிதான் உடமாட்டேன்றா. நான் சொன்னா கேப்பா."

"அக்கா, நீ சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட நான் ஒண்ணு சொல்லணும். மாமா செத்தது…"

எழுதி வைத்த தாளில் அடுத்த வரியைத் தேடினேன். 

"பஞ்சமிடா" என்றாள். "தீபத்துக்கு அஞ்சாம் நாளு. காலையிலயே படைச்சிட்டேன். கருவாடு ஹரிதான் வாங்கியாந்தான்."

எழுதிய தாள்களை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"உனக்கு எப்படிக்கா…"

"கோயிந்தன் திரும்பி வந்தான்ல, அவன் சொன்னான். மழையில தூக்கினு வந்தத சொல்லி அழுதான். நம்ம ஊர்ல தீபம் ஏத்தி அஞ்சு நாளு இருக்கும்னு அன்னிக்கே பேசிக்கினாங்களாம். உனக்கு எழுதிட்டேன்னு வேலு சொன்னானேக்கான்னு என்னையே கேக்கறான். அந்த வருசத்துலருந்தே பஞ்சமிக்குத்தான் படைக்கிறேன்."

"அப்போ நான் வந்தப்ப, என்னா நாளுன்னு கேட்டியே…"

"கேட்டேன். நீயா சொல்லுவன்னு கேட்டேன்."

 அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ சத்தம் கேட்டது. லட்சுமி யாரிடமோ தெலுங்கில் ஏதோ சொன்னாள்.

"அந்த ஆபீசருங்க எதுர்ல நான் பூ வெச்சினு, பொட்டு வெச்சினு போயி நின்னேன்டா வேலு" என்றாள். இப்போது குரல் உடைந்தது. "அத்த நெனச்சாத்தான் இன்னிக்கும் உடம்பு கூசுது."

மன்னித்துவிடு என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.  மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஹரிய இட்டுனு போவச் சொல்லு. லட்சுமிகிட்ட நான் பேசிக்கிறேன். உன் புள்ளைக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு."

"சொல்லுக்கா."

"நல்லதுன்னா நாலு நாளு கழிச்சிகூட சொல்லட்டும். கெட்டதுன்னா அன்னிக்கே சொல்லணும்."